விஷாரத்துத் தோலும் லீஸ் டிஸ்கும்: மாணவர் விருதுக்கு என்ன செய்து அனுப்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில், தோலை வேண்டிய கனத்துக்குச் சீவுகிற ஷேவிங் மெஷினை இருபது வருஷமாக ஓட்டுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பயன்பாட்டு இயற்பியலில் சிறந்த மாணவர் ஆய்வுக்கு வருஷா வருஷம் தருகிற விருது ஒன்றுக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்படி துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். "ஐ.ஐ.டி. பிள்ளைங்க எல்லாம் வருவாங்களாமே, எங்க பாப்பா காலேஜ்ல பெரிய மெஷின் ஒண்ணும் கிடையாது. காசு கட்டினா ப்ராஜெக்ட் செஞ்சு தர்ற இடம் ஒண்ணு இருக்கு, இருபதாயிரம் கேக்கறாங்க. கட்டலாமா?"

கட்டாதீர்கள். பதிலின் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிதான் நீளம்.

இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் முப்பது வருஷம் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். மாணவர் ஆய்வுப் போட்டிகளில் நடுவராகவும் பல முறை உட்கார்ந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டை நடுவர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஒருமுறை ஒரு பையன் பளபளவென்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். எல்.சி.டி. திரையில் எண் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. "இந்த சென்சரைக் கழற்றிவிட்டால் திரையில் என்ன வரும் தம்பி?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. சரி, கழற்றியே பார்க்கலாம் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது என்று பயம். நல்ல பையன், படிக்கிற பையன். அவனுடைய அப்பாவும் உங்களைப் போல எங்கேயோ கடன் வாங்கித்தான் கட்டியிருப்பார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரிய இடத்துப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா? இது உங்களுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை. அமெரிக்க இயற்பியல் சங்கம் இளநிலை மாணவர்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறது. லெராய் ஆப்கர் என்பவர் பெயரில் 1978-ல் ஏற்படுத்தியது. ஆப்கர், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோதனை இயற்பியலாளர். அந்த விருதை இரண்டாகப் பிரித்துத் தருகிறார்கள்: பிஎச்.டி. வரைக்கும் படிக்க வசதியுள்ள பல்கலைக்கழக மாணவருக்கு ஒன்று, அந்த வசதி இல்லாத கல்லூரி மாணவருக்கு ஒன்று. பெரிய ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்டு செய்த வேலையையும், நாலு மேசை உள்ள லேபில் தனியாக முட்டி மோதிச் செய்த வேலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான விருது, பாப்பாவுக்குப் பொருந்தாது. ஆனால் இப்படிப்பட்ட விருதுகளில் எதைப் பார்க்கிறார்கள் என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வேலையில் உன் கை எவ்வளவு? நீ சொல்கிற எண் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்? மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குப் பின்னால்தான்.

நம் ஊரில் கதவு தட்ட வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுக்குச் சிறிய தொகை கொடுத்து உதவுகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதனால் துறைத்தலைவரிடம் இப்போதே பேசி வைக்கவேண்டும். 1984-ல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் புதுமையான சோதனைகளுக்கென்றே ஒரு போட்டி நடத்துகிறது, மாணவர்களும் கலந்துகொள்ளலாம். பெரிய கருவி இல்லாத கல்லூரிக்கு என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பொருத்தம். இந்தியத் தேசியப் பொறியியல் அகாடமி தருகிற மாணவர் ப்ராஜெக்ட் விருது பொறியியல் படிப்பவர்களுக்கானது. பி.எஸ்சி. பிள்ளைகள் அதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

எதை எடுத்துச் செய்வது என்பதற்கு வருவதற்கு முன்னால் ஒரு புலம்பல். கடந்த பத்து வருஷத்தில் என் முன்னால் வந்த ப்ராஜெக்டுகளில் பாதிக்குப் பாதி 'வேப்பிலைச் சாற்றில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்'. வேப்பிலை போனால் துளசி, துளசி போனால் கற்றாழை. சாற்றைக் காய்ச்சி, உப்பைக் கலந்து, வந்த பொடியை வேறொரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பி, எக்ஸ்-கதிர்ப் படமும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் வாங்கி ஒட்டிவிடுவது. அந்தப் படத்தை எடுத்தது யார், எந்த மேடு எதைச் சொல்கிறது என்று கேட்டால் "அங்கே எடுத்துக் கொடுத்தாங்க சார்" என்று பதில் வரும். நானோ துகள் கெட்ட விஷயம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் மாணவர் தன் கையால் அளந்தது எதுவும் இல்லை, அதுதான் சங்கடம்.

சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதிய முதல் கட்டுரை 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வரும் ஃபிலசாஃபிகல் மேகசினில் அச்சானது. அதற்கு அவர் பயன்படுத்தியது கல்லூரி லேபில் எல்லா மாணவர்களும் தொடுகிற ஸ்பெக்ட்ரோமீட்டர்தான். முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கிற, இன்றைக்கும் பாப்பா செய்கிற, அதே சாதாரண சோதனை. வெளிச்சம் மிகச் சாய்வாக விழும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருப்பதைக் கவனித்தார். அந்த லேபில் அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் அதே தொலைநோக்கிக்குள் பார்த்திருப்பார்கள். ரீடிங் எடுத்தோமா, ரெக்கார்டு நோட்டில் எழுதினோமா, கையெழுத்து வாங்கினோமா என்று போயிருப்பார்கள். அவர் மட்டும் ஏன் சமமாக இல்லை என்று நின்றுவிட்டார்.

அதனால் பாப்பா முதலில் பார்க்கவேண்டியது தன் லேபில் ஏற்கனவே என்ன இருக்கிறது, தன் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதை. நீங்கள் ஷேவிங் மெஷின்காரர் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது லீஸ் டிஸ்க்.

லீஸ் டிஸ்க் எல்லா பி.எஸ்சி. லேபிலும் இருக்கும். வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத பொருளின் வெப்பக் கடத்து எண்ணைக் கண்டுபிடிக்கிற சோதனை. கீழே ஒரு பித்தளைத் தட்டு, அதன்மேல் வட்டமாக வெட்டிய அட்டை, அதன்மேல் நீராவி ஓடுகிற ஒரு கிண்ணம். நீராவியின் சூடு அட்டை வழியாகத் தட்டுக்கு இறங்கும், தட்டு அதைக் காற்றில் விடும். வருகிற சூடும் போகிற சூடும் சமமானதும் மேலும் கீழும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வோம். அப்புறம் தட்டைத் தனியாகச் சூடாக்கி, அது எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்று அளந்தால், நொடிக்கு எவ்வளவு வெப்பம் இறங்கியது என்று தெரிந்துவிடும். வருஷா வருஷம் எல்லாக் கல்லூரியிலும் இதை அட்டையை வைத்தே செய்கிறார்கள். அட்டைக்குப் பதில் தோலை வைத்தால்?

ஷூவுக்குள் இருக்கிற தோல் காலின் சூட்டை வெளியே விடுகிறதா, பிடித்து வைக்கிறதா? வேர்வையில் நனைந்தபின் அது எவ்வளவு மாறுகிறது? குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட தோலும், மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலும் இதில் வேறுபடுகிறதா? மே மாசத்து வேலூர் வெயிலில் ஷூ போட்டு நடப்பவருக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, விஷாரம், பேரணாம்பட்டு என்று இந்த மாவட்டங்கள் பாதி பிழைப்பதே தோலை வைத்துத்தான். பயன்பாட்டு இயற்பியல் என்றால் இதைவிடப் பக்கத்தில் வேறென்ன இருக்கிறது?

தோலின் வெப்பக் கடத்து எண் ஏறக்குறைய மீட்டர்-கெல்வினுக்கு 0.15 வாட். தண்ணீருக்கு 0.6, காற்றுக்கு 0.026. இந்த மூன்று எண்ணையும் பாப்பா நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். தோல் என்பது நார், நாருக்கு நடுவே காற்று, கொஞ்சம் ஈரம். சாதாரணமாக வைத்திருக்கும் தோலிலேயே எடையில் பத்துப் பதினைந்து சதவீதம் ஈரம் இருக்கும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் எண் ஏறவேண்டும், அது எதிர்பார்ப்பது. எவ்வளவு ஏறும், நேர்கோடாக ஏறுமா என்பதுதான் அளந்து பார்க்க வேண்டியது.

இனி இந்தச் சோதனை எங்கெங்கே காலை வாரும் என்று சொல்கிறேன். விருது இருக்கிற இடமும் அதுதான்.

முதல் அடி நீராவியில் விழும். பதனிடாத பச்சைத் தோல் ஈரமாக இருக்கும்போது 60, 65 டிகிரியிலேயே சுருங்கிவிடும். பட்டைத் தோல் 75 முதல் 85 வரை தாங்கும். குரோம் தோல்தான் நூறைத் தாண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, டேனரியில் கொதிக்கிற தண்ணீரில் துண்டைப் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பதே இதற்குத்தானே. ஆனால் பாப்பாவின் பாடப்புத்தகம் நீராவி என்றுதான் சொல்லும். நனைந்த பட்டைத் தோலை நீராவிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தால் அது அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும், ஈரமும் பறந்துவிடும். ஆகவே நீராவியை விட்டுவிட்டு 50 டிகிரி வெந்நீரை ஓட்டவேண்டும். மேசைமேல் ஒரு பக்கெட், அதிலிருந்து ரப்பர் குழாய், கிண்ணத்தின் நீராவி வாய் வழியாக உள்ளே போய் மறு வாய் வழியாகக் கீழே இன்னொரு பக்கெட். அவ்வளவுதான். எல்லா மாதிரிக்கும் அதே 50 டிகிரி இருக்கவேண்டும். பாடப்புத்தகத்தில் இருப்பதை ஏன் மாற்றினேன் என்று பாப்பா ஒரு பத்தி எழுதினால், அந்தப் பத்தி நூறு நானோ படத்துக்குச் சமம்.

நீராவியை விட்டால் அடுத்த தொல்லை வரும். நீராவி இருக்கும்போது 2 மில்லிமீட்டர் தோலுக்கு மேலும் கீழும் பத்து டிகிரி போல வித்தியாசம் கிடைக்கும். 50 டிகிரி வெந்நீரில் அது இரண்டு, மூன்று டிகிரிக்குச் சுருங்கிவிடும். லேபில் கொடுக்கிற தெர்மாமீட்டர் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்டது. அரை டிகிரி இங்கே, அரை டிகிரி அங்கே தப்பினால் மூன்றில் ஒன்று போயிற்று. முப்பது சதவீதத்துக்கு மேல் பிழை! அதில் குரோம் தோலுக்கும் பட்டைத் தோலுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தேன் என்றால் நடுவர் சிரிப்பார்.

கடையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் வெப்ப சென்சர்கள் இரண்டு வாங்கலாம். டி.எஸ். 18பி20 என்று கேட்டால் தருவார்கள். டிகிரியில் பதினாறில் ஒரு பங்கைக்கூடத் திரையில் காட்டும். ஆனால் கவனம், காட்டுவது வேறு, சரியாக இருப்பது வேறு. அந்த சென்சரை விற்கிறவர்களே அரை டிகிரி வரை தப்பலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதனால் முதல் நாள் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். இரண்டையும் ஒரே டம்ளர் வெந்நீரில் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துக் கட்டி, தண்ணீர் 55-லிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும்வரை இரண்டு எண்ணையும் நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதவேண்டும். ஒன்று 0.3 கூடக் காட்டினால், கடைசிவரை அந்த 0.3-ஐக் கழித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தானே. இந்த ஒரு டம்ளர் வேலையைச் செய்த மாணவரை நான் நடுவராக இருந்த காலத்தில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன்.

அடுத்தது காற்று. தோலுக்கும் பித்தளைக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு, 0.05 மில்லிமீட்டர் என்று வையுங்கள், ஒரு காற்று இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? காற்று தோலைவிட ஆறு மடங்கு மோசமான கடத்தி. எனவே அந்த முடி கனம் 0.3 மில்லிமீட்டர் தோலுக்குச் சமம். மேலே ஒரு முடி, கீழே ஒரு முடி, சேர்த்தால் 0.6. ஒன்றரை மில்லிமீட்டர் தோலை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அளந்துகொண்டிருப்போம். வரும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், எத்தனை முறை செய்தாலும் அதே குறைவு வரும். திரும்பத் திரும்ப ஒரே விடை வருகிறது, ஆகவே சரி என்று பிள்ளைகள் நம்பிவிடுவது இங்கேதான்.

இதற்கு மருந்து உங்கள் கையில் இருக்கிறது, நிஜமாகவே உங்கள் கையில்தான். ஒரே தோலை 1.0, 1.4, 1.8, 2.2 மில்லிமீட்டர் என்று நாலு கனத்தில் சீவித் தர உங்களால் முடியும். ஐ.ஐ.டி. பிள்ளைக்கு அது முடியாது, யாரிடமாவது போய்க் கெஞ்சவேண்டும். நாலு கனத்துக்கும் வெப்பத் தடையை (மேலுக்கும் கீழுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை நொடிக்கு இறங்குகிற வெப்பத்தால் வகுத்தால் வருவது) கண்டுபிடித்து, கனத்தைக் கிடையாகவும் தடையைச் செங்குத்தாகவும் வைத்துக் கோடு போட்டால், கோட்டின் சாய்வு தோலுடையது. கோடு செங்குத்து அச்சை வெட்டுகிற உயரம் அந்த முடி கனத்துக் காற்றுடையது. இரண்டும் தானாகப் பிரிந்துவிடும். சில பேர் ஒரே தோலை ஒன்று, இரண்டு, மூன்று அடுக்காக வைத்து இதைச் செய்வார்கள். அது சரிப்படாது, அடுக்குக்கு அடுக்கு நடுவே புதிதாக ஒரு காற்று இடைவெளி சேர்ந்துகொண்டே போகும், சாய்விலேயே காற்று கலந்துவிடும். பாப்பாவை நேர்முகத்தில் நடுவர் கேட்கிற முதல் கேள்வியே "ஏன் அடுக்கி வைக்கவில்லை?" என்பதாக இருக்கலாம். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

கனத்தை எதால் அளப்பது என்பதிலும் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. லேபில் ஸ்க்ரூ கேஜ் கொடுப்பார்கள். பித்தளைக் கம்பிக்கு அது ராஜா. தோல் அமுங்குகிற பொருள், திருகுகிற கைக்குத் தகுந்த மாதிரி கனம் மாறும். டேனரியில் நீங்கள் பயன்படுத்துகிற டயல் கேஜ் எப்போதும் ஒரே எடையில் அமுக்கும். அதை இரண்டு நாள் இரவல் வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நடுவில் ஒன்று, விளிம்பில் நாலு என்று ஐந்து இடத்தில் அளந்து எழுதட்டும்.

அப்புறம் ஃபேன். இது சிரிப்பாக இருக்கும். தட்டிலிருந்து சூடு காற்றில் போகிற வேகத்தை வைத்துத்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. மேலே ஃபேன் ஓடினால் அந்த வேகம் மாறிவிடும், இடையில் யாராவது ரெகுலேட்டரைத் திருகினால் திரும்பவும் மாறும். ஆகவே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முக்கால் மணிநேரம் உட்காரவேண்டும். வேலூரில் ஏப்ரலில் இதைச் செய்வது தவம். டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்வது உடம்புக்கும் நல்லது, சோதனைக்கும் நல்லது, அறை வெப்பம் அவ்வளவாக ஏறி இறங்காது. பத்து நிமிஷத்துக்கு இரண்டு எண்ணும் மாறாமல் நின்றால்தான் நிலைத்துவிட்டது என்று கொள்ளவேண்டும். பாதியில் கரண்ட் போய் வெந்நீர் ஆறினால் அன்றைக்கு எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மின்தடை 11.40' என்று குறித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். அடித்த பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அந்த நோட்டையே நேர்முகத்துக்குக் கொண்டுபோகலாம். புத்தம் புதிதாகப் பிரதி எடுத்த நோட்டைவிட வெந்நீர் சிந்திய நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

ஈரத்துக்கு எடைதான் அளவுகோல். சோதனைக்கு முன்னால் ஒருமுறை, முடிந்த உடனே ஒருமுறை, வட்டத்தை எடை போடவேண்டும். இடையில் எவ்வளவு ஈரம் போயிற்று என்று தெரியாமல் '20 சதவீத ஈரத்தில்' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். முன்னால் 20, பின்னால் 16 என்று உள்ளதை எழுதலாம், அதில் அவமானம் இல்லை. விளிம்பைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டினால் ஈரம் மெதுவாகப் போகும், அதையும் முயன்று பார்க்கட்டும்.

கடைசி விடையை எழுதும்போது கால்குலேட்டர் காட்டுகிற எட்டு இலக்கத்தையும் எழுதிவிடக் கூடாது. 0.14738921 என்று எழுதி வந்த ஒரு மாணவியிடம், கடைசி ஒன்று எதைக் குறிக்கிறது என்று என்னோடு இருந்த நடுவர் கேட்டார். அழுதுவிட்டாள். 0.15, இப்பக்கம் அப்பக்கம் 0.02 என்று எழுதியிருந்தால் அதே வேலைக்குப் பரிசு கிடைத்திருக்கும். அந்த 0.02 எங்கிருந்து வந்தது, சென்சரிலிருந்து எவ்வளவு, கனத்திலிருந்து எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை போதும். குரோமுக்கும் பட்டைக்கும் உள்ள வித்தியாசம் அந்த 0.02-க்குள் அடங்கிவிட்டால், 'எங்கள் அளவீட்டில் வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதவேண்டும். அப்படி எழுதினால் விருது போய்விடுமோ என்று பயம் வரும். நான் மதிப்பெண் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், கூடத்தான் போட்டிருக்கிறேன்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம், அன்றைக்கு வட ஆற்காடு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கமாகக் கடந்து போனபோது, அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் சில நொடிகள் மங்கித் திரும்பியது. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருக்கிறது என்று எழுதினார்கள். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் பல மங்கல்கள் கிடைத்தன, கோளுக்கு இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக. மறைத்தது வளையம் என்று அதிலிருந்து தெரிந்தது. காவலூர்க்காரர்கள் போட்ட பெயர் தப்பு, அளந்தது தப்பில்லை. அந்த மங்கல் இன்றைக்கும் வளையக் கண்டுபிடிப்பின் கதையில் இடம் பிடித்திருக்கிறது.

அந்த ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு, 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 22 வயதுகூட ஆகவில்லை. பசிபிக் வானியல் சங்கம் அதற்காக டோனோ பதக்கம் கொடுத்தது. வெளிச்சம் பதிந்த கண்ணாடித் தட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான பொட்டு இருப்பதை அசட்டை செய்யாமல் பார்த்ததற்குக் கிடைத்த பதக்கம் அது. பாப்பாவை ஒருமுறை காவலூருக்குக் கூட்டிப் போங்கள், பொதுமக்களை அனுமதிக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். வாணியம்பாடியிலிருந்து பஸ் இருக்கிறது.

தோல் வேண்டாம், நாற்றம் என்று பாப்பா சொன்னால் வேறு வழியும் உண்டு. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்த பாதிக்கும் அடிக்காத பாதிக்கும் அடியில் கூரையின் சூட்டை ஒரு மாசம் அளக்கலாம், அதே இரண்டு சென்சர் போதும். குடியாத்தம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் எந்த அதிர்வெண்ணில் அதிகம் என்று பார்க்கலாம். ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கிற மின்நிலை வடிகட்டிகள் செய்கிறார்கள், அதன் சின்ன மாதிரி செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது பல ஆயிரம் வோல்ட் சமாச்சாரம், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது. என்னைக் கேட்டால் தோல்தான். அப்பா செய்கிற தொழிலை மகள் அளக்கிறாள் என்பதற்காக இல்லை. நாலு கனத்தில் ஒரே தோல் வேறு யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது, அதற்காக.

விண்ணப்பத்தில் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் 'நல்ல மாணவி, ஒழுக்கமானவள்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. வெந்நீருக்கு மாற்றியது யாருடைய யோசனை, சென்சரை ஒப்பிட்டது யார், ஆசிரியர் எந்த இடத்தில் உதவினார் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தோலைச் சீவித் தந்தது அப்பா என்பதையும் எழுதவேண்டும். அதை மறைத்தால்தான் சிக்கல். உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்கிற பத்தியில் உங்கள் பெயர் வரட்டும்.

இந்த வாரம் செய்யவேண்டியது இவ்வளவுதான். பாப்பா லேபில் அந்தப் பித்தளைத் தட்டைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வரட்டும். பெரும்பாலும் 11 சென்டிமீட்டர் போல இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் வெட்டுங்கள். தோலின் வயிற்றுப் பக்கம் வேண்டாம், அங்கே நார் தளர்ந்து இடத்துக்கு இடம் மாறும். முதுகிலிருந்து, பக்கத்தில் பக்கத்தில், குரோமில் நாலு, பட்டையில் நாலு. ஒவ்வொன்றின் சதைப் பக்கமும் பால்பாயின்ட் பேனாவால் கனமும் தேதியும் எழுதிவிடுங்கள். சீவும்போது வந்த கேஜ் அளவையே எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம்.